எட்டாவது மாடிக்கு ஒரு பட்டன்

சென்னையில் என்னை வரவேற்ற முதல் கேள்வி, "பயணமெல்லாம் சௌகரியமா?" என்பதல்ல. "நாலு எங்கம்மா?" என்பதுதான்.

கேட்டவர் செல்லத்துரை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடையில் சம்பாதித்ததை எல்லாம் போட்டு, பனகல் பார்க்கிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, நீலக் கண்ணாடி பதித்துப் பன்னிரண்டு மாடிக்கு ஆபீஸ் கட்டடம் எழுப்பியிருந்தார். நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். லிஃப்ட் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். அண்ணாச்சியின் கட்டடத்துக்கு நாங்கள் இரண்டு லிஃப்ட் விற்றிருந்தோம். அவற்றை ஓட வைத்து, அரசாங்க இன்ஸ்பெக்டரின் அனுமதியையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி என்னை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மெட்ராஸ் என்கிற பெயரைச் சென்னை என்று மாற்றி அதிக நாள் ஆகவில்லை. போர்டில் சென்னை, வாயில் மெட்ராஸ். பொங்கல் முடிந்திருந்தது. தை மாதத்து நல்ல முகூர்த்தம் ஒன்றில் திறப்பு விழா என்று பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. லிஃப்ட் ஓடவில்லை என்றால் வருகிற பெரிய மனிதர்களைப் படியேற்ற முடியாது.

தரைத்தளத்தில் மரப்பெட்டியை உடைத்து, லிஃப்டுக்குள் மாட்டவேண்டிய பட்டன் பலகையை வெளியே எடுத்தோம். சென்னையில் ஒரு பெட்டியை உடைத்தால் சம்பந்தமே இல்லாத பத்துப் பேர் வந்து நின்று பார்க்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் அண்ணாச்சி பட்டன்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, 3A, ஐந்து. விரல் நின்றது.

"நாலு எங்கம்மா?"

என் கண்ணுக்கு எதுவுமே குறையவில்லை. எங்கள் ஊரில் வீட்டு எண், மாடி எண், கார் நிறுத்துமிடம் எதிலும் நாலு கிடையாது. சீனர்களுக்கு நாலு என்றால் சாவு. கட்டுகிறவர் யாராக இருந்தாலும், வாங்குகிறவர்களில் நாலு சீனர் இருப்பார்களே என்று நாலுக்குப் பதிலாக 3A போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் நானே. தி.நகர்க் கட்டடத்துக்குக் கிள்ளான் சீனரின் பயத்தைப் பட்டனாக்கி அனுப்பியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சீனனுக்கு ஆகாட்டா அவன் ஊர்ல வச்சிக்கிடட்டும் தாயி. நமக்கு நாலு நல்லதுல்லா? எட்டுதான் ஆகாது. அந்த எட்டைத் தூக்கியிருந்தியன்னா உங்களுக்கு மாலையே போட்டிருப்பேன்."

"எங்க ஊர்ல எட்டுக்கு அடிதடியே நடக்கும் அண்ணாச்சி. காருக்கு எட்டாம் நம்பர் கிடைக்கணும்னு ஏலம் எடுப்பாங்க. எட்டுன்னா லட்சுமி."

"நெசமாவா?"

"சத்தியமா."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் இப்போது சிரிக்கவில்லை. 3A பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன யோசிக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. நாலாம் நம்பர் பட்டன் ஒன்று உள்ளூரிலேயே வெட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். எனக்குப் பசி வந்தால் பத்தும் பறக்கும்.

அண்ணாச்சியின் கடைக்குப் பின்சந்தில் ஒரு மெஸ். "பசியாறலாமா?" என்று எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ நாலு நாள் பட்டினி கிடந்தவளைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார். பொங்கலில் நெய் நின்றது. முந்திரியைத் தேடாமலே கிடைத்தது. அதற்கு மேல் வடை, அதற்கு மேல் காபி. எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தருகிற டீயான தே தாரிக்கை விட்டுக் கொடுக்கமாட்டேன் என்று வீறாப்பாக வந்தவள் நான். இரண்டாவது காபி கேட்டபோது வீறாப்பு போய்விட்டது.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்தேன். "பன்னிரண்டு மாடிக் கட்டடம்" என்று ஆரம்பிப்பதற்குள் ஓட்டுநர் எத்திராஜ் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"கண்ணாடி பில்டிங் தானே? தெரியும் மேடம். அத்தப் பாத்துக்கினே ஓட்டி நேத்து ஒர்த்தன் மாட்டு வண்டில உட்டுட்டான். நீங்க இன்னா, அங்க வேலையா?"

"லிஃப்ட் மாட்டுறேன்."

"நீங்களா?" என்று முழுதாகத் திரும்பிப் பார்த்தார். ஆட்டோவும் அவரோடு திரும்பியது. ஒரு தயிர்ப் பானைக்காரி கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து நான் ஊர் திரும்பும்வரை எத்திராஜ்தான் எனக்கு வண்டி. முதல் நாளே பேரம் பேசிச் சண்டை போட்டு முடித்த பிறகு எங்களுக்குள் வாடகையில் பிரச்சினையே வரவில்லை.

கட்டடத்தின் எதிரே நடைபாதையில் எப்போதும் பத்திருபது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு பூசணிக்காய், மீசையும் பல்லும் வரைந்து, அவர்களுடைய கண்ணேறுக்கு எதிராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் இதைவிட நாலு மடங்கு உயரக் கட்டடங்களின் கீழே யாரும் தலை நிமிராமல் போகிறார்கள். இங்கே ஒரு கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் லிஃப்ட் அன்று மதியம் மெதுவாக நகரத் தொடங்கியது. நான் கீழே நின்று கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, கையில் ஊன்றுகோல். வலது காலில் தொடைவரைக்கும் இரும்புப் பட்டை. சிறு வயதில் வந்த போலியோ.

"நான் வசந்தா. எட்டாவது மாடி. லிஃப்ட் என்னிக்கு ஓடும்னு தெரிஞ்சுண்டு போலாம்னு வந்தேன்."

"இப்பவே ஓடும். ஆனா ஆமை வேகம்தான். பயமில்லைன்னா ஏறுங்க."

"பயமா? இந்தக் கட்டடத்துல நான் ஏற்கெனவே ஏறியிருக்கேன். படியில. ஒரு காலம்பற பூரா ஆச்சு. ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து, ஃபிளாஸ்க்குலேர்ந்து காபி குடிச்சுண்டு ஏறினேன். எட்டுல காபி தீர்ந்துபோச்சு. அங்கேயே நின்னுட்டேன்."

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

எட்டாவது மாடியில் கதவு திறந்ததும் சிமென்ட் வாசனை. காலியான பெரிய கூடம். ஒரு பக்கக் கண்ணாடியில் கபாலி கோயில் கோபுரமும், அதற்குப் பின்னால் ஒரு கோடு கடலும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வசந்தா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி நின்றார். நானும் கேட்டேன். கீழே உஸ்மான் ரோடு. ஆயிரம் ஹாரன், பஸ், கேசட் கடைகளின் ஒலிபெருக்கி, ஆடித் தள்ளுபடி முடிந்து தைத் தள்ளுபடி என்று கத்துகிற மைக். இங்கே ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் காற்று மோதுகிற சத்தம் மட்டும்.

"இதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார்களாம். அந்தப் பதிவை இங்கே கேட்டு எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்போதுதான் சென்னைக்கு வந்துகொண்டிருந்த புதுத் தொழில் இது. வசந்தா கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இங்கிலீஷ் டீச்சர். வேலையை விட்டுவிட்டு, தன்னிடம் படித்த பெண்களில் ஆறு பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்.

"அந்த டாக்டர்கள்லாம் பேசறதே வாயில எதையோ மென்னுண்டு பேசற மாதிரி இருக்கும். ஒரு ஹாரன் சத்தத்துல ஒரு வார்த்தை மாறித்துன்னா ஒருத்தருக்கு மருந்தே மாறிடும். கீழ் மாடி எதுலயும் நடக்காது. திறப்பு விழா அன்னிக்கே முதல் பரீட்சை. அவா அனுப்பறதைத் தப்பில்லாம முடிச்சுக் கொடுத்தா மூணு வருஷத்துக்கு வேலை. இல்லேன்னா பெங்களூர்ல ஒருத்தர் காத்துண்டிருக்கார்."

"எட்டாம் நம்பர்னு யாருமே இந்த மாடியைக் கேட்கலையாமே?"

"கேட்கலை. நான் அட்வான்ஸ் கொடுத்தப்போ மொத்தக் கட்டடத்தையுமே யாரும் கேட்கலை. வெறும் தூண்தான் நின்னுது. ஆகாசத்தைக் காட்டி, அந்த உயரத்துல எனக்கு ஒரு இடம் வேணும்னேன்."

அடுத்த நாள் மத்தியானம் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்துச் சந்து. வாசலில் இழைக்கோலம். அண்ணா, மன்னி, வசந்தா மூவர்தான். தலைவாழை இலையில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அந்தக் குழம்பின் ருசிக்கு நான் இன்னும் ஈடு கண்டுபிடிக்கவில்லை. கறி மீன் இல்லாத சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அண்ணா ஓய்வுபெற்ற ஆடிட்டர். என்னைப் பார்த்ததும் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"நீங்கதான் லிஃப்ட் போடறவாளா? அதை எட்டாவது மாடியில நிக்காதபடி பண்ண முடியுமான்னு பாருங்கோ. எட்டு சனியோட நம்பர். கைல இருந்த உத்தியோகத்தை விட்டுட்டு இவ சனியாத்துல போய் உக்காரப் போறா. இது நடக்கலேன்னா ஸ்கூல்ல திரும்பிச் சேத்துப்பாளா?"

"சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லே, கெடுப்பாரும் இல்லேன்னு நீதானே சொல்லுவே அண்ணா" என்று சிரித்தபடி அவர் இலையில் மோரை ஊற்றினார் வசந்தா.

கை கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அண்ணா நல்லவர்தான். ஆனா பொறந்ததுலேர்ந்து எல்லாரும் எனக்குக் கை கொடுத்தே பழகிட்டா. ஒரு தடவையாவது நான் நாலு பேருக்குக் கை கொடுக்கணும். அவ்வளவுதான்."

சாயங்காலம் கட்டடத்துக்குத் திரும்பினால் அண்ணாச்சி உற்சாகத்தில் இருந்தார். வெற்றிலை போட்ட வாயோடு பட்டன் பலகையைக் காட்டினார்.

"தாயி, நாலாம் நம்பர் பட்டன் வெட்டப் போறியள்லா? அதோட இன்னொண்ணும் வெட்டிருங்க. எட்டை எடுத்திட்டு 7A. உங்க ஊர்ல நாலை 3A ஆக்கலாம்னா எங்க ஊர்ல எட்டை 7A ஆக்கக் கூடாதா? இத்தனை நாளு இந்த மண்டைக்கு எட்டாமப் போச்சே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிள்ளானில் போய்ச் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்றுதான் நினைத்தேன். நாலு, 7A, இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

எவர்சில்வரில் எழுத்து வெட்டுகிறவர் அடையாறில் இருந்தார். மறுநாள் எத்திராஜின் ஆட்டோவில் போய்ப் பட்டன்களை வாங்கிக்கொண்டு திரும்புகிறபோது, சரியாக அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. எத்திராஜ் இறங்கி எதை எதையோ ஊதிப் பார்த்தார்.

"இன்னா நைனா, வூட்டுக்குப் போற நேரத்துல கடுப்பேத்துறே" என்று வண்டியிடமே பேசினார்.

சைக்கிளில் போன இரண்டு பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து தள்ளினார்கள். காரணம் கேட்கவில்லை, நன்றிக்கும் நிற்கவில்லை. நானும் இறங்கித் தள்ளினேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் அது கடலில் கலக்கிற இடம், தண்ணீர் முழுக்கச் சாயங்கால வெயில். எங்கள் ஊரில் வண்டி நின்றால் போன் செய்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாலம் தாண்டியதும் வண்டி தானாகவே உயிர் பெற்றது.

அந்த மகிழ்ச்சியில் எத்திராஜ் என்னைப் பட்டினப்பாக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மணலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சட்டியில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்ச் சாப்பாட்டை வயிறு மறக்கவில்லை, நாக்குதான் மறந்துவிட்டது.

"நல்லா கீதா?" என்றார் மீன்காரம்மா.

"இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."

"துன்னு கண்ணு. பாத்தா எங்க நாத்தனா மாரியே கீறே. அவளும் இப்டித்தான், வாய் மூடாது."

இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா என்று எத்திராஜைக் கேட்டேன். அவர் மீன் முள்ளில் கவனமாக இருந்தார்.

மறுநாள் காலை எட்டாவது மாடியில் லிஃப்ட் கதவைச் சோதிக்கப் போனபோது, டை கட்டிய ஒருவர் கூடத்தை அளந்துகொண்டிருந்தார். ஏழாவது மாடியை எடுத்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியின் மேனேஜர்.

"எங்களுக்கு ஒரு மாடி பத்தலை மேடம். மேலேயே காலியா இருந்தும் எங்க முதலாளிக்கு ஜோசியர் எட்டு கூடவே கூடாதுன்னுட்டார். இப்பதான் இது எட்டு இல்லையே, 7A ஆயிடுச்சே! ரெண்டும் சேர்த்து எடுத்துக்கிறோம்."

"இங்க வர்ற வசந்தா அம்மா?"

"அவங்களுக்கு ஃபர்ஸ்ட் ஃப்ளோராம்."

நான் சிரித்த சிரிப்பு வசந்தாவின் தலையில் விடிந்திருந்தது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் எட்டு மாடியையும் படியிலேயே இறங்கி ஓடினேன்.

அண்ணாச்சி கெட்டவராக இருந்திருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பிள்ளைக்குக் காலு வேற சரியில்ல. முதல் மாடின்னா அவளுக்குல்லா லேசு? நல்லதுக்குத்தான் தாயி சொல்லுதேன்."

"முதல் மாடிக்கு எதிர்லதான் கேசட் கடை, பஸ் ஸ்டாப். அங்க அவங்க வேலை நடக்காது அண்ணாச்சி. நான் இந்த 7A பட்டனை மாட்ட மாட்டேன்."

"நீங்க மாட்டாட்டா எங்க எலக்ட்ரீசியன் மாட்டுவான்" என்றார், கோபமே இல்லாமல்.

வேலையை அப்படியே போட்டுவிட்டு மயிலாப்பூருக்கு ஓடினேன். வசந்தா முழுதும் கேட்டார். அண்ணா உள்ளிருந்து, "சொன்னேனே, சொன்னேனே" என்று இரண்டு தடவை சொன்னார். வசந்தா முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கேட்டது ஒரே கேள்விதான்.

"நாளைக்குக் கார்த்தால கடை எத்தனை மணிக்குத் திறப்பா?"

கடை திறக்கும்போதே நாங்கள் அங்கே இருந்தோம். வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, சாமி படங்களுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார். நான் ஆரம்பிக்கப் போனேன். வசந்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போணி ஆகட்டும். அதுக்கு முன்னாடி சண்டை போட்டா அவருக்கு நாள் பூரா வியாபாரம் ஆகாது."

எங்கள் ஊர்த் தமிழ்க் கடைகளிலும் இது உண்டு. அன்றைய முதல் வியாபாரம் நல்ல கையில், நல்ல மனதோடு நடக்க வேண்டும். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. காத்திருந்தோம். ஒரு அம்மா வந்து ரவிக்கைத் துணி வாங்கினார். அண்ணாச்சி அவர் கொடுத்த பணத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அந்த அம்மா படியிறங்கிப் போனார்.

வசந்தா ஊன்றுகோலை ஊன்றிக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கட்டடத்துக்கு யார் போணி?"

அண்ணாச்சியின் கை கல்லா மூடியிலேயே நின்றது.

"நீதான் தாயி."

"நான் கொடுத்த பணத்துல முதல் நோட்டைக் கண்ணுல ஒத்திண்டு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகினேள். நான் பார்த்துண்டே இருந்தேன்."

"இப்பவும் அங்கதான் இருக்கு. செலவழிக்கலை."

"இப்போ அந்தம்மா ரவிக்கைத் துணி வாங்கிண்டு போறாளே, தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டா. ஓடிப் போய், 'அந்தத் துணிக்குப் பெரிய கிராக்கி வந்திருக்கு, அதைக் கொடுத்துட்டு வேற வாங்கிக்கோ'ன்னு பிடுங்குவேளா?"

துணி மடித்துக்கொண்டிருந்த பையன்கள், விற்பனைப் பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"போணி பண்ணினவங்ககிட்ட எவனாவது அப்படிக் கேப்பானா?" என்றார் அண்ணாச்சி.

"கேக்க மாட்டேள்னுதான் நானும் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு வசந்தா திரும்பி நடந்தார். எனக்கு இன்னும் பத்து வார்த்தை மிச்சமிருந்தது, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "யாரையும் இப்படி நிக்க வெச்சுக் கேள்வி கேட்டதில்லை. இருபது வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் அவரும் எதிர்க்கடையில் கரும்புச்சாறு வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றோம்.

அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டார். எட்டைக் கழற்றியதால் வெறும் ஓட்டையாக இருந்த ஒரு பட்டன் இடத்தைக் காட்டி, "இங்க என்ன நம்பர்?" என்றார். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றேன். மேல்மாடி மெஷின் அறையில் எனக்கு வேலை ஓடவில்லை. அங்கிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் தெரியும். நான்கைந்து தினங்களில் நானும் அதில் ஏறிப் போய்விடுவேன். வசந்தா இங்கேதான் இருப்பார், ஏதாவது ஒரு மாடியில், அல்லது எந்த மாடியிலும் இல்லாமல்.

வெயில் தாழ்ந்த பிறகு படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி. மெஷின் அறைக்குக் கடைசியில் கொஞ்சம் இரும்புப் படி ஏறியாக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்து, எண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார்.

"மத்தியானம் சோறு இறங்கலை தாயி."

நான் பேசாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"எட்டுக்குப் பயப்படணும், வாஸ்தவம். ஆனா போணியைத் திருப்பினவன் கடை விளங்கி நான் பாத்ததில்ல. எங்க அய்யா துணி மூட்டையைத் தலையில சுமந்து வித்த காலத்துல இருந்து அது ஒண்ணுதான் எங்களுக்கு வேதம்." கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "எட்டையே போட்டிருங்க. ஃபைனான்ஸ்காரனுக்குப் பத்தாவது மாடியைக் கொடுத்தாச்சு. மொறைச்சான். மொறைக்கட்டும்."

எழுந்தவர் படியில் நின்று திரும்பினார். "உங்க ஊர்ல எட்டுன்னா லட்சுமின்னு சொன்னது நெசந்தானே?"

"சத்தியமா அண்ணாச்சி."

"அப்பச் சரி."

அவர் இறங்குகிற வரைக்கும்தான் தாங்கினேன். பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து அது வேறு எரிந்தது.

திறப்பு விழா அன்று வாசலில் வாழை மரம், நாகசுரம், தவில். தெருவில் உடைத்த பூசணிக்காயில் எத்திராஜின் ஆட்டோ வழுக்கி, கட்டடத்துக்கு எதிரே வண்டிகள் ஒரு சிக்கலாகிவிட்டன. "இன்னாபா இது, ரோடா கூட்டா?" என்று அவர் கத்தியது தவிலையும் மீறிக் கேட்டது.

நாடா வெட்டியதும் பட்டு வேட்டிப் பெரியவர்கள் லிஃப்டைப் பார்த்து நகர்ந்தார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து மறித்தார். "கொஞ்சம் பொறுங்க. முதல்ல போணி."

வசந்தாவும், இரட்டைச் சடையும் ஒற்றைச் சடையுமாக அவருடைய ஆறு பெண்களும் ஏறினார்கள். கூடவே அண்ணாச்சி, நான். வசந்தா பட்டனை அழுத்தினார். பெட்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் மேலே போனது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எட்டாவது மாடியில் கதவு திறந்தது. பெண்கள் அவசரமாக இறங்கி உள்ளே ஓடினார்கள். பதிவு வந்து காத்திருந்தது, நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் லிஃப்டின் பின்சுவரில் ஒட்டி நின்றார். கட்டடம் எழும்பியதிலிருந்து அந்த மாடியில் அவர் கால் வைத்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நான் இப்படியே கீழ போறேன் தாயி. நீங்க நல்லாயிருங்க."

வசந்தா வாசலில் நின்று ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே வைத்தார்.

"எந்த விசேஷத்துக்குப் போனாலும் வலது காலை வெச்சு உள்ளே வான்னு சொல்லுவா அண்ணாச்சி. என் வலது கால் நான் சொன்னா கேக்காது. எப்பவும் இடதுதான் முன்னாடி போகும். இந்த ஒரு வாசலுக்கு நீங்க வெச்சுக் கொடுங்கோளேன்."

அண்ணாச்சி தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு வசந்தாவின் இரும்புப் பட்டையைப் பார்த்தார். செருப்பை லிஃப்டுக்குள்ளேயே கழற்றிவிட்டு, உதட்டுக்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு, வலது காலை எடுத்து எட்டாவது மாடியில் வைத்தார். நான் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் ஆறு பெண்களும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார்கள். விசைப்பலகைகளின் சத்தம் மட்டும், தூறல் போல. அண்ணாச்சிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆசீர்வாதம் செய்ய இரண்டு கையையும் தூக்கி, ஜவுளிக்கடைக் குரலில், "எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

ஆறு தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. வசந்தா உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்... அண்ணாச்சி! டாக்டர் பேசிண்டிருக்கார்."

பன்னிரண்டு மாடிக்கும் சொந்தக்காரர் தூக்கிய கையை மெல்ல இறக்கினார். வாயை இறுக மூடிக்கொண்டு, வெறுங்காலில், பூனை போல நுனிக்காலில் நடந்து லிஃப்டுக்குத் திரும்பினார்.